ஜெனவீவ் கேட்ட இசை

மூன்றாவது கேசட்டையும் ஜெனவீவ் சிவப்புப் பெட்டியில் போட்டாள். அதிலும் இரைச்சல்.

மலேசியாவில் கூலிம் நகரத்துக் கேசட் தொழிற்சாலையில் அவளுக்குக் கேட்கிற வேலை. பதிவான கேசட்டை ஹெட்போனில் கேட்டு, இரைச்சல் இருந்தால் கழித்துவிட வேண்டும். காதில் ஹெட்போன் இருந்தது அவளுக்கு வசதி. யாரும் தன்னோடு பேசாததற்கு அதையே காரணமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

"லியோனார்ட், மெஷின் சரியில்ல. வயலின் வாசிக்கும்போதே யாரோ தகரத்தைப் போட்டு இழுக்கிறான்."

மெக்கானிக் லியோனார்ட் ஸ்பிரிட் தொட்டு மெஷினைத் துடைத்தான். தகரம் இன்னும் தெளிவாகக் கேட்டது.

"நான் பாத்துக்கிறேன்லா, அக்கா" என்று எதையோ திருகினான். தகரம் போயிற்று. வயலினும் பாதி போயிற்று. மிஞ்சியது மாதிரிக் கேசட்டாகப் பினாங்கிலிருந்த இசைக் கம்பெனிக்குப் போனது.

மறுநாள் சூப்பர்வைசர் துரைசிங்கம் வந்து நின்றார்.

"பிள்ளை, பினாங்கிலயிருந்து போன். இரைச்சல் எங்கையெண்டு கேக்கிறாங்கள்."

"எடுத்துட்டோம் சார்."

"அதுதான் சங்கீதமாம்! வயலின் கூட்டத்துக்கு நடுவில டேப்பைத் தலைகீழாய் ஓடவிட்ட சத்தம். புதுமாதிரியாம்."

"அப்ப எது கெட்டதுன்னு எப்படி சார் தெரியும்?"

"அது எனக்குத் தெரிஞ்சா நான் ஏன் உமக்குச் சம்பளம் குடுக்கிறன்? இன்னொரு பிழை விட்டால் பேக்கிங்குக்குத்தான் அனுப்புவன்."

பேக்கிங்கில் பெண்கள் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து நாளெல்லாம் கதை பேசுவார்கள். ஜெனவீவ் ஹெட்போனை இறுக்கி மாட்டிக்கொண்டாள். அங்கே ஹெட்போன் கிடையாது.

லியோனார்ட் மெஷினைப் பழையபடி ஆக்கினான். புதிதாகப் பதிந்த கேசட்டை அவள் கேட்டாள். வயலின்கள் அலறின. தகரம் பதிலுக்கு அலறியது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். கேசட்டைத் திருப்பிப் போட்டாள்.

இரண்டாம் பக்கத்தில் வயலின் இல்லை. மெல்லிய காற்றுச் சத்தம் மட்டும். இப்போது வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடிந்து வாடகை அறைக்குத் திரும்பினால் இப்படித்தான் இருக்கும். எங்கேயோ இருக்கிற ஒருவன் அதை அப்படியே இசையாக எழுதியிருக்கிறான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எப்பிடி, பிள்ளை?"

"முதல் பக்கம் சும்மா கத்தல் சார். ரெண்டாவதுலதான் விஷயமே இருக்கு."

துரைசிங்கம் ஹெட்போனை வாங்கி மாட்டினார். கண்ணை மூடினார். விளங்கவில்லை என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

"ஆழமாய்த்தான் இருக்குது. பெட்டியில போட்டு லொறியில ஏத்தச் சொல்லும்."

சொல்லப் போன ஜெனவீவ், கையோடு ஹெட்போனையும் அந்தக் கேசட் ஓடுகிற சின்ன மெஷினையும் பேக்கிங்குக்குத் தூக்கிக்கொண்டு போனாள். அவளாகப் போய்ப் பேசுவது அதுதான் முதல் தடவை.

"இதைக் கொஞ்சம் கேளுங்களேன்."

பெண்கள் ஒவ்வொருவராக மாட்டிப் பார்த்தார்கள். அவர்களில் பிரிஜெட் என்பவள் கழற்றாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

"எங்க வீடு மாதிரியே இருக்குலா, அக்கா" என்றாள். பிறகு நகர்ந்து பெஞ்சில் இடம் விட்டாள். ஜெனவீவ் உட்கார்ந்தாள்.

லொறி கேட்டைத் தாண்டியதும் லியோனார்ட் ஒரு டேப் சுருளோடு மூச்சிரைக்க ஓடி வந்தான்.

"அலாமாக், ஐயையோ அக்கா! லொறிய ஏன் விட்டீங்க? ரெண்டாவது பக்கம் இன்னும் பதியவே இல்லலா, அதுக்கு மாஸ்டர் டேப்பே பினாங்குலேருந்து இப்பதான் வந்துச்சு!"