கொடியில் காய்ந்த வேட்டிகளை எண்ணியவர்

கண்ணை மூடிக்கொண்டு கல்லெறிந்தால்கூட என்றாவது ஒருநாள் ஒரு மாங்காய் விழும். எங்கள் தெரு 'டெபாசிட்' இருபத்தைந்து வருஷம் கண்ணை நன்றாகத் திறந்துவைத்துக்கொண்டு, கண்ணாடியும் போட்டுக்கொண்டு எறிந்தார். ஒரு பிஞ்சுகூட விழவில்லை. சட்டமன்றம், பாராளுமன்றம், பஞ்சாயத்து, கூட்டுறவு சொசைட்டி என்று எந்தத் தேர்தலாக இருந்தாலும் சரி, ஜெயிப்பார் என்று அவர் சொன்ன ஒருவர்கூட ஜெயித்தது கிடையாது. இப்படி ஒரு தடவைகூடப் பிசகாமல் தப்பாகவே சொல்வது சாதாரண மனிதனால் ஆகிற காரியமில்லை. அதற்குத் தனி அருள் வேண்டும்.

ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுக்கு எதிர் வீடு அவருடையது. சர்வே டிபார்ட்மெண்டில் சங்கிலி இழுத்து நிலம் அளந்து, இன்னொருவன் நிலத்தில் கல் ஊன்றி, நாலு ஊர்க்காரர்களின் சாபத்தை வாங்கிக்கொண்டு ஓய்வு பெற்றவர். அவருடைய சொந்தப் பெயர் தபால்காரருக்கு மட்டும் தெரியும். ஒரு தேர்தலில் சுயேச்சையாக நின்ற ஒருவர் ஐம்பதாயிரம் ஓட்டு வித்தியாசத்தில் ஜெயிப்பார் என்று பாய் டீக்கடையில் நின்று அறிவித்தார். அந்த மனிதர் டெபாசிட்டை இழந்தார். அன்று சாயங்காலம் பாய், "டெபாசிட் சாருக்கு ஒரு டீ போடுப்பா" என்றார். அவ்வளவுதான். கோபம் வந்தால் அவர் சம்சாரமே அந்தப் பெயரைத்தான் சொல்வார்.

இந்த மனிதரைப் பற்றி எழுத எனக்குக் கை கூசுகிறது. காரணம் என் மகள் கலா. ஐந்து வருஷங்களுக்கு முன்னால், எட்டாம் வகுப்பு முடித்த விடுமுறையில், அவள் மூளைக் காய்ச்சலில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரி ஒன்றில் கிடந்தாள். பிழைப்பாளா என்று தெரியாத ஒரு பிற்பகலில் டெபாசிட் அவளைப் பற்றியும் ஒரு கணிப்புச் சொன்னார். அதற்கு வருகிறேன். அதற்கு முன்னால் இவரை நன்றாகத் திட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் எனக்கு எழுத வராது.

பென்ஷன்காரர்களில் இரண்டு வகை. கோயிலுக்குப் போகிறவர்களால் யாருக்கும் தொந்தரவு இல்லை. பேப்பர் படிக்கிறவர்கள்தான் ஆபத்து. டெபாசிட் பேப்பர் படிக்கிறவர், அதிலும் என் பேப்பரைப் படிக்கிறவர். காலை ஆறு மணிக்கு எடுத்துக்கொண்டு போனால் எட்டு மணிக்குத் திரும்பி வரும். அதற்குள் தலையங்கம் முழுக்கச் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டு, ஓரத்தில் 'தவறு', 'ஆதாரம் என்ன?', 'இவனுக்கு யார் சொன்னது?' என்று எழுதியிருப்பார். நான் காசு கொடுத்து வாங்கியது பேப்பரா அவருடைய பரீட்சைத் தாளா என்று எனக்கே சந்தேகம் வரும்.

அரசியல் கருத்துகளுக்கும் குறைவில்லை. நாட்டின் சகல கேடுகளுக்கும் எல்லைக்கல்லைத் தப்பாக ஊன்றியதுதான் காரணம் என்பது அவர் கட்சி. ஆற்றுத் தண்ணீர்ச் சண்டையா? கல் தப்பு. விலைவாசி ஏற்றமா? அதுவும் எப்படியோ கல்லில்தான் போய் முடியும். "பிரதம மந்திரி நாக்காலியில சர்வே டிபார்ட்மெண்ட் ஆளு ஒருத்தன உக்கார வச்சுப் பாரு தம்பி. ஆறே மாசம்" என்பார். ஆறு மாதத்தில் என்ன ஆகும் என்று நான் கேட்டதில்லை. பதில் சொல்லிவிடுவாரே.

தேர்தல் அறிவித்துவிட்டால் மனிதருக்குப் பத்து வயது குறைந்துவிடும். வெள்ளை வேட்டி, கையில் டைரி, காதில் சிவப்புப் பென்சில். விடிந்ததும் தெருத் தெருவாக நடப்பார். வீடுகளில் கொடிக்கயிற்றில் காயும் வேட்டிகளின் கரையைப் பார்த்து, எந்தக் கட்சிக் கரை எத்தனை என்று குறித்துக்கொள்வார். இதுதான் அவர் கண்டுபிடித்த விஞ்ஞானம்.

"மனுசன் பொய் சொல்லுவான். மேடையில நிக்கவன் பொய் சொல்லுவான். காயிற வேட்டி பொய் சொல்லாது" என்பார்.

ஒருநாள் ஒரு வீட்டு அம்மாள் விளக்குமாற்றோடு வெளியே வந்துவிட்டாள்.

"ஏ பெருசு! நேத்தும் வந்து கொடியப் பாத்துக்கிட்டே நின்ன. இன்னைக்கும் நிக்க. என்ன எளவு அங்க இருக்கு?"

"கோவப்படாதம்மா. ஓட்டு எண்ணுதேன்."

"எம் பாவாடையிலயா எண்ணுத?"

"பாவாடைக்கு அந்தப் பக்கம் ஒரு கரைவேட்டி கெடக்கு. நீ பாவாடைய செத்த தள்ளிப் போட்டா..."

மீதி வாக்கியத்தை அவர் தெருமுனையில் போய்த்தான் முடித்தார். அந்த வயதில் அந்த ஓட்டம் ஓடியதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

அவருடைய விஞ்ஞானத்தில் இருந்த கோளாறு பால்வாடிப் பிள்ளைக்குக்கூடப் புரியும். தேர்தல் நேரத்தில் எல்லாக் கட்சிக்காரனும் எல்லாருக்கும் வேட்டி கொடுப்பான். வாங்குகிறவன் தன் கட்சி வேட்டியை இடுப்பில் கட்டிக்கொண்டு ஊர்வலத்துக்குப் போய்விடுவான். எதிர்க்கட்சி கொடுத்ததைப் பிள்ளைக்கு விரிக்கவும் தலை துவட்டவும் வைத்துக்கொள்வான். அதுதான் தினமும் நனையும், கொடியில் காயும். ஆக, டெபாசிட் ஊர் முழுக்க நடந்து, கால் வலிக்க எண்ணிக்கொண்டு வந்தது, தோற்கப் போகிறவனின் வேட்டிகளை. இதை நான் விளக்கிச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "தம்பி பி.காம்.தான? சர்வே வேற" என்று போய்விட்டார்.

ஊர் சும்மா இருக்குமா? வேட்பாளர்களுக்கு விஷயம் எட்டிவிட்டது. எண்பதுகளின் கடைசியில் ஒரு தேர்தலின்போது, ஒரு கட்சியின் வட்டப் பிரமுகர் பாய் கடைக்கே பால்கோவாப் பொட்டலத்தோடு வந்துவிட்டார்.

"ஐயா, ஒரே ஒரு உதவி. எங்காளு தோத்துருவாருன்னு ஒரு வார்த்த சொல்லிருங்க."

டெபாசிட் டைரியைப் புரட்டினார். "அதெப்படிச் சொல்ல முடியும்? என் கணக்குப்படி ஒங்க ஆளுதான் ஜெயிக்காரு. எம்புட்டு வித்தியாசம்னா..."

"ஐயா, ஐயா! எம்புட்டுன்னெல்லாம் சொல்லாதீங்கய்யா! பிள்ள குட்டிக்காரரு!"

"அமோக வெற்றி" என்றார் டெபாசிட், பால்கோவாவைப் பிரித்துக்கொண்டே.

பிரமுகர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். பாய் அவருக்குச் சோடா உடைத்துக் கொடுத்தார். எதிர்க்கட்சிக்காரர்கள் அன்றே தெருமுனையில் வெடி போட்டார்கள். முடிவும் அவர்கள் போட்ட வெடிப்படியே வந்தது.

தோற்ற மறுநாள் இந்த மனிதருக்குக் கொஞ்சமாவது வெட்கம் இருக்க வேண்டாமா? "என் கணக்கு சரிதான். ஜனங்க தப்பாப் போட்டுட்டாங்க" என்பார். உள்ளேயிருந்து அவர் சம்சாரத்தின் குரல் வரும்: "இந்த வீட்டுல இருக்க ரெண்டு ஓட்டுல ஒண்ணு எங்க விழுதுன்னு இவியளுக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியல. ஊருக்குக் கணக்குச் சொல்ல வந்துட்டாக." அதற்கும் அசைய மாட்டார். தப்பு என்ற வார்த்தை அவர் வாயில் மற்றவர்களுக்காக மட்டும் இருந்தது.

பிறகு தேர்தலைத் தாண்டியும் அவர் வாய்க்குப் பேர் பரவிவிட்டது. மழை வரும் என்றால் பெண்கள் வற்றலை எடுத்து வெயிலில் போட்டார்கள். கல்யாண வீட்டில் அவர் வாழ்த்துச் சொல்லிவிடாதபடி வாசலிலிருந்தே நேரே பந்திக்கு அழைத்துப் போனார்கள். நான் இந்த மூடத்தனத்தையெல்லாம் பார்த்துச் சிரித்தவன். மில் ஆபீஸில் அவரைப் போலப் பேசிக்காட்டி எல்லாரையும் சிரிக்க வைத்தவனும் நான்தான்.

ஐந்து வருஷங்களுக்கு முன்னால், தேர்தல் நடந்த அந்தக் கோடையில்தான் கலாவுக்குக் காய்ச்சல் கண்டது. இரண்டாம் நாள் வலிப்பு வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். நாலாம் நாள் காலை டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நாளைக்குக் காலை வரைக்கும் ஒண்ணும் சொல்ல முடியாது" என்றார். அன்றைக்குத்தான் ஓட்டு எண்ணிக்கை.

மத்தியானம், எங்கள் தெருவிலிருந்து பார்க்க வந்த ஒருவர், "டெபாசிட்டும் கெளம்பிட்டாரு. அடுத்த பஸ்ல வாராரு" என்று சொல்லிவிட்டார். என் மனைவி என் கையைப் பிடித்தாள்.

"ஏங்க, அவிய உள்ள வரக்கூடாது. 'ஒண்ணும் ஆகாது, எந்திரிச்சிருவா'ன்னு ஒரு வார்த்த சொல்லிட்டாகன்னா..."

நான் படித்தவன். இதையெல்லாம் நம்பாதவன். போய் ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டேன்.

மூன்று மணிக்கு மேல் வந்தார். வன்னியம்பட்டி விலக்கில் வெற்றி ஊர்வலம் பஸ்ஸை மறித்துவிட்டதாம். அங்கிருந்து அந்த வெயிலில் நடந்தே வந்திருக்கிறார். ஓட்டு எண்ணும் நாளில் ரேடியோவை விட்டு ஓரடி நகராத மனிதர்.

"பிள்ளைக்கு எப்டி இருக்கு?"

"நாளைக்குக் காலைலதான் சொல்ல முடியுமாம்."

"நான் பாக்கணும்."

"இப்ப உள்ள விட மாட்டாங்க சார்."

"அவங்க விட மாட்டாங்களா, நீ விட மாட்டியா?"

ரோட்டில், அத்தனை பேர் பார்க்க, அவரைக் கையெடுத்துக் கும்பிட்டேன். "நல்ல வார்த்தை ஒண்ணும் சொல்லிராதீங்க சார்."

டெபாசிட் காதிலிருந்து பென்சிலை எடுத்தார். டைரியைத் திறந்தார். "மணி என்ன?"

"மூணு இருவது."

அதை எழுதினார். மேலும் ஒரு வரி எழுதினார். பாய் கடையில் தேர்தல் கணிப்பை வாசிக்கிற அதே குரலில், சத்தமாக வாசித்தார்: "எதிர் வீட்டுக் கலா. பொழைக்க மாட்டா. இது நிச்சயம்."

நான் அவர் சட்டையைப் பிடித்துவிட்டேன். பொத்தான் தெறித்து விழுந்தது. வாட்ச்மேன் ஓடிவந்தார். டெபாசிட் விலகவும் இல்லை, என் கையைத் தட்டிவிடவும் இல்லை. பென்சிலை என் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"சாட்சிக் கையெழுத்துப் போடு."

"என்ன?"

"கையெழுத்துப் போடுலே. இருவது வருசமா இதுல எழுதுனது ஒண்ணாவது பலிச்சிருக்கா? நீதானல மில்லு பூராச் சொல்லிச் சிரிக்கவன். இன்னைக்கு நானே சொல்லுதேன், ஒண்ணும் பலிச்சதில்ல. இதுவும் பலிக்காது. போடு."

நான் கையெழுத்துப் போட்டேன். என் பெயரைப் போலவே இல்லாத ஏதோ ஒரு கிறுக்கல். டைரியை வாங்கி மூடி இடுப்பில் செருகிக்கொண்டு, பிள்ளையைப் பார்க்காமலே பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்தார். எதிரே தாரை தப்பட்டையோடு ஒரு ஊர்வலம் வந்துகொண்டிருந்தது. ஜெயித்தது எந்தக் கட்சி என்று அவர் தலை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை காய்ச்சல் இறங்கியது. கலா தண்ணீர் கேட்டாள். மருந்து வேலை செய்துவிட்டது என்றார் டாக்டர். அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனாலும் அந்த ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டுகிற பஸ்ஸில் போகும்போது இன்றைக்கும் நான் அந்தப் பக்கம் திரும்புவதில்லை. கலா இப்போது கிருஷ்ணன்கோவிலில் இன்ஜினியரிங் படிக்கிறாள். காலேஜ் பஸ் பத்து நிமிஷம் தாமதமானால் நான் தெருமுனையில் நிற்கிறேன். "அப்பா, மானம் போகுது" என்கிறாள். போகட்டும்.

டெபாசிட் திருந்திவிட்டார் என்று நினைக்காதீர்கள். கலா வீடு திரும்பிய மறுவாரமே எல்லைக்கல்லை ஆரம்பித்துவிட்டார். இதோ, அடுத்த தேர்தலும் வந்துவிட்டது. எழுபதைத் தாண்டிய மனிதர், காதில் பென்சிலோடு, வெட்கமே இல்லாமல் மறுபடியும் அடுத்தவன் வீட்டுக் கொடியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். இப்போது கண்ணும் சரியில்லை. பாவாடைக் கரையையும் சேர்த்து எண்ணுகிறார் என்று கேள்வி.

போன வாரம் பாய் கடையில் என் பக்கத்தில் உட்கார்ந்து டைரியைத் திறந்தார். "தம்பி, ஒரு கணக்குப் போட்டேன். எனக்கு இன்னும் பத்து வருசம் இருக்கு. ரெண்டு எலெக்சன் பாத்துட்டுத்தான் போவேன். நிச்சயம்."

"இதையெல்லாம் யாரு ஒங்கள எழுதச் சொன்னா? அழிங்க சார் மொதல்ல!" என்று கத்திவிட்டேன்.

"எழுதுனத அழிக்கவா? சர்வேயில அந்தப் பழக்கம் கெடையாது" என்றார் அந்தப் பிடிவாதக்காரர்.

நேற்று சாயங்காலம் டீ குடிக்கும்போது இருமினார். மூன்று தடவை. தண்ணீர் கொண்டு வரச் சொல்லி நான் போட்ட சத்தத்தில் பாயின் கையிலிருந்த கிளாஸ் கீழே விழுந்து உடைந்துவிட்டது.