தலைநிமிர்ந்த கரும்புல்

அன்பு அக்கா பெரிலுக்கு,

நீயும் மோரிஸ் அத்தானும் சுகமாக இருப்பீர்கள். எனக்கும் உடம்புக்குக் குறைவில்லை, மானம்தான் படுத்துவிட்டது. ஐம்பத்து நான்கு வயதில், ஞாயிறு காலை ஊரே தேவாலயத்தில் பாடிக்கொண்டிருக்க, நானே விதைத்த கோதுமை வயலுக்குள்ளேயே உரச்சாக்கும் கையுமாகக் குப்புறப் படுத்து ஒளிந்திருந்தேன்.

எல்லாம் இந்தக் கரும்புல் களையால் வந்தது. ஜூன் பிறந்ததும் கோதுமைக்கு மேல் ஒரு சாண் தலையை நீட்டி, சாலையில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டுகிறது. வேலிக்கு மேல் எட்டி அடுத்தவன் பயிரைப் பார்க்காவிட்டால் நம் லிங்கன்ஷயர்க்காரர்களுக்குச் சாப்பாடு இறங்காதே! போன வருஷம் பக்கத்துப் பண்ணை நெவில் வயலில் இது முளைத்தபோது, "என்னப்பா, புல்லுக்கு நடுவுல கொஞ்சம் கோதுமையும் போட்டிருக்க போல?" என்று கேட்டு பப் முழுவதையும் சிரிக்க வைத்தவன் நான்தான்.

மருந்து அடிக்காமல் இல்லை. பதினோரு வருஷமாக ஒரே மருந்து. நோஞ்சான் புல் செத்தது, தாக்குப்பிடித்தது விதை போட்டது, அந்த விதையில் முளைத்ததற்கும் அதையே ஊற்றினேன். ஆகக்கூடி பயில்வான்களாகப் பொறுக்கி வளர்த்தது நானேதான். இந்த வருஷம் அடித்ததில் கோதுமை வாடியது, புல் குளித்துவிட்டு வந்த மாதிரி பளபளவென்று நின்றது. பரிசோதனைக்கு அனுப்பினேன். கடையில் கிடைக்கிற மூன்று மருந்துக்கும் சாகாதாம்! அன்றிலிருந்து தூக்கமில்லை. விதை கொட்டுவதற்குள் யார் கண்ணிலும் படாமல் கையாலேயே பிடுங்கிவிடலாம் என்றுதான் படுத்தேன். மூக்குக்கு நேரே ஒரு ஜோடி பூட்ஸ் வந்து நின்றது. எஸ்டேட் மேனேஜர் ஆட்கின். என் குத்தகையை நீட்டிப்பதா வேண்டாமா என்று இந்த மாதம் முடிவு செய்யப்போகிற மனிதர். அவருக்குத் தேவாலயம் போகிற பழக்கமில்லை என்று நான் கண்டேனா?

"என்ன கிளைவ், தூக்கமா?"

"இல்லைங்க சார், வேர் எப்படி இறங்கியிருக்குன்னு..."

"சாக்குக்குள்ளயா இறங்கியிருக்கு?"

சுற்றிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"இது கொட்டிச்சுன்னா பத்து வருஷத்துக்கு நிலம் போச்சு. உங்களை நம்பி எப்படிங்க விடுறது?"

அக்கா, தொடை நடுங்கினால் எனக்கு வாய் ஓடும், உனக்குத் தெரியும்.

"இந்த ஒரு வயல்தாங்க சார்! நாளைக்கே கோதுமையோட சேர்த்துப் பச்சையா வெட்டிடறேன். எங்க அக்கா நிலத்துக்கும் நான்தான் மருந்தடிக்கிறேன், போய்ப் பாருங்க. ஒரு கரும்புல் இருந்தாலும் என்னைக் காலி பண்ணச் சொல்லுங்க."

"சரி, வெள்ளிக்கிழமை போறேன். சொன்ன வார்த்தையை மறந்துடாதீங்க."

ஆக, என் வீடு வாசல் எல்லாம் இப்போது உன் வயலில்தான் இருக்கிறது. மனிதர் வந்தால் தேநீர் கொடு, நெல்லிக்காய்ப் பை பலகாரம் சுட்டு வை. அத்தானைப் பேச மட்டும் விடாதே.

உங்கள் களஞ்சியம் நிறையட்டும், எலி இல்லாமல் நிறையட்டும்.

நடுங்கும் தம்பி,
கிளைவ்

பி.கு.: போன ஆகஸ்டில் அத்தான் இரவல் வாங்கிப் போன என் அறுவடை இயந்திரம், இதே வயலை அறுத்த கையோடு நேராக உங்கள் வயலுக்குத்தான் வந்தது. நடுவில் அதன் வயிற்றில் தங்கிய விதையைச் சுத்தம் செய்ய மறந்துவிட்டேன்.