தேயிலைப் பெட்டியில் டெலிவிஷன்

டெல்லியில் வேலை பார்ப்பவன் விடுமுறையில் ஊருக்கு வந்தால் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். நான் இருக்கவில்லை.

அறுபதுகளின் பிற்பகுதி. டெல்லியில் ஒரு சர்க்கார் ஆபீசில் நான் குமாஸ்தா. செஞ்சியில் மாமனார் வீட்டில் வளர்ந்த என் மகள் ரோஸிக்கு இரண்டு வயது. அதற்கு முன் அவள் என்னைப் பார்த்தது ஒரே முறை (அதுவும் தொட்டிலில் தூங்கிக்கொண்டு). நான் வந்து இறங்கியதும் "பூச்சாண்டி!" என்று அலறி அம்மாவின் புடவைக்குள் ஒளிந்துகொண்டாள்.

என் மனைவி அருள்மேரி தினமும் என் போட்டோவைக் காட்டி, "கண்ணாடி போட்டுக்கினு இருக்காரு பாரு, அதான் உன் நைனா" என்று பழக்கியிருந்தாள். குழந்தை போட்டோவை "நைனா" என்றது. என்னைப் பூச்சாண்டி என்றது.

மிட்டாய், பலூன், யானை நடை எதுவும் பலிக்கவில்லை. அப்போதுதான் டெல்லியில் மேலதிகாரி வீட்டில் பார்த்த டெலிவிஷன் ஞாபகம் வந்தது. அதில் பொம்மைகள் பேசும், பாடும். தாயும் பிள்ளையுமாக உட்கார்ந்து சிரிப்பார்கள். இதை மாமனாரிடம் சொன்னேன்.

"பொட்டிக்குள்ள பொம்ம பேசுதா?" என்றார் அவர். "வெயில்ல அலையாதீங்க மாப்ள."

ரோஷம் வந்துவிட்டது. மளிகைக்கடையில் காலித் தேயிலைப் பெட்டி ஒன்றை வாங்கி, முன்பக்கம் சதுரமாக வெட்டி, பின்பலகையைப் பெயர்த்து, வாசலில் ஒரு பெஞ்சின் மேல் வைத்தேன். பழைய காலுறைகளில் பொத்தான் கண் தைத்ததில் ஓர் ஆடும் ஒரு நரியும் கிடைத்தன (எது எதுவென்று நான் சொன்னால்தான் தெரியும்).

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் தெருவிலுள்ள அம்மாக்கள் எல்லோரும் இடுப்பில் குழந்தைகளோடு வந்துவிட்டார்கள். நான் பின்னால் மண்டியிட்டு, தலையையும் கைகளையும் பெட்டிக்குள் விட்டு, தலை முன்னால் தெரியாதபடி குனிந்துகொண்டேன்.

ஆடு "மே" என்றது. குழந்தைகள் கெக்கலித்தன. ரோஸியும் சிரித்தாள்! அந்த மிதப்பில், ஒத்திகையில் இல்லாத ஒரு காரியம் செய்தேன். ஆட்டின் வாயில் நிஜ வாழைப்பழம் ஒன்றைக் கொடுத்தேன்.

கோட்டை மலையில் குரங்குகள் உண்டு என்பது எனக்குத் தெரியும். அவற்றுக்கு விடுமுறை கிடையாது என்பதுதான் தெரியாது. கூரையிலிருந்து என் முதுகுப்பக்கம் குதித்த கடுவன் ஒன்று, சபையின் கண்ணில் படாமல் பின்வழியாக நேராகப் பெட்டிக்குள் நுழைந்தது.

"யம்மாடி, உசுரோட இருக்கறாப்லயே இருக்குது!" என்றாள் பக்கத்து வீட்டு சவரியம்மா. ஒரே கைத்தட்டல்.

"ஐயோ, காப்பாத்துங்க!" என்று உள்ளேயிருந்து கத்தினேன்.

"பொம்ம பேசுது பாரு!" என்று மாமனார் துள்ளினார். "மாப்ள, நான் தப்பா நெனச்சிட்டேன். நீங்க கில்லாடிதான்!"

முதலில் பழம் போயிற்று. அடுத்து ஆட்டின் காது. அடுத்து என் தலைமுடி. பதறி எழுந்ததில் பெட்டியும் தலையோடு கிளம்பி வந்தது. கண் தெரியாமல் வாசலைச் சுற்றி ஓடி, எருக்குழியில் விழுந்தேன். நிகழ்ச்சி முடிந்துவிட்டது என்று சபைக்கு அப்போதுதான் புரிந்தது.

பெட்டியைக் கழற்றிப் பார்த்தால் குரங்கு வேப்பமரத்தில் இருந்தது. அதன் கையில் என் மூக்குக் கண்ணாடி. அதை முகத்தருகே பிடித்துக்கொண்டு, ஆபீசில் ஃபைல் பார்க்கும் தோரணையில் எங்களைப் பார்த்தது.

ரோஸி அம்மாவின் மடியிலிருந்து இறங்கினாள். மரத்தை நோக்கி இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"நைனா! வா நைனா!"

அருள்மேரி சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "இன்னாங்க, சீக்கிரம் கண்ணாடிய வாங்கிப் போடுங்க. இல்லன்னா புள்ள அதுங்கூடப் போயிடும்."

இன்னொரு பழம் கொடுத்துத்தான் மீட்டோம். ஒரு பக்கத்துச் சில்லு போயிருந்தது. மிச்சத்தை மாட்டிக்கொண்டு, சாணி வாடையோடு உட்கார்ந்திருந்த என்னை ரோஸி சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். முழு நம்பிக்கை வரவில்லை. இருந்தாலும் மடியில் ஏறிக்கொண்டாள்.

பல வருஷம் கழித்து எங்கள் வீட்டுக்கு நிஜ டெலிவிஷன் வந்தது. ரோஸி தன் மகனை மடியில் வைத்துக்கொண்டு குழந்தைகள் நிகழ்ச்சி பார்ப்பாள். குரங்கு வந்தால் போதும், நான் பக்கத்திலேயே இருந்தாலும், "யம்மா, ஓடியா, நைனா வந்துட்டாரு!" என்று சமையலறைக்குக் குரல் கொடுப்பாள்.

பேரன் மட்டும் என்மேல் அக்கறை உள்ளவன். திரையில் இருக்கும் குரங்கைப் பார்த்து, "தாத்தா, கண்ணாடி எங்க?" என்று கேட்பான்.