பாலாவிக் கூட்டத்தில் தமிழ் சொன்ன வகை

பாலாவி.

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு,

நானும் உங்கள் தங்கை இராசமணியும் சுகம். உங்கள் சீனி வருத்தமும் சொல்கேட்டு நடக்கும் என நம்புகிறேன். இது ஒரு முறைப்பாடு. பிரதேச சபையில் உங்களுக்குத் தெரிந்த உறுப்பினரிடம் சொல்லி, எங்கள் வீட்டுக்கு முன்னால் வெறுங்காணியில் சனிக்கிழமைதோறும் நடக்கும் சுவிசேஷக் கூட்டத்தை நிறுத்துவிக்க வேண்டும்.

ஒலிபெருக்கி எங்கள் குசினி யன்னலைப் பார்த்தபடி நிற்கிறது. சிலாபத்திலிருந்து வரும் பாஸ்டர் சிங்களத்தில் பிரசங்கிப்பார். பக்கத்தில் நிற்பவர் அதைத் தமிழில் சொல்வார். ஆகவே கடவுள் எங்களை நேசிக்கிறார் என்பதை நாங்கள் இரண்டு தடவை கேட்க வேண்டியிருக்கிறது. இராசமணிக்கு ஆட்சேபனை இல்லை. தேங்காய் துருவுவதை நிறுத்திவிட்டுக் கேட்கிறாள். எனக்குத்தான் டிவியில் செய்தி கேட்க முடியவில்லை.

போன சனிக்கிழமை ஒலிபெருக்கியைத் திருப்பச் சொல்லப் போனேன். போன இடத்தில் தமிழ் சொல்பவர் தொண்டை கட்டி, இஞ்சித் தேத்தண்ணியோடு குந்தியிருக்கிறார். கதிரையும் ஜெனரேட்டரும் வாடகைக்கு விட்ட ஹயாத்து முகம்மது என்னைக் கண்டதும், இவர் ஓய்வுபெற்ற நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் என்று பாஸ்டரிடம் பிடித்துக் கொடுத்துவிட்டார். நான் சைவம், அதோடு முறைப்பாட்டுக்காரன் என்றேன்.

“அதுக்கென்ன ஐயா, நான் முஸ்லிம், கரண்ட் குடுக்கிறேன். நீங்க தமிழக் குடுங்க.”

மேடையில் ஏறினேன். மச்சான், அடுத்தவர் வாயால் வந்ததற்கு நான் ஒருநாளும் பொறுப்பேற்றதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே, “கடவுள் உங்களை நேசிப்பதாக இவர் கூறுகிறார், நேரில் கண்டதாகக் கூறவில்லை” என்று மொழிபெயர்த்தேன். சனம் அல்லேலூயா என்றது. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும்படி சனத்தை எச்சரித்தேன். பாஸ்டர் தான் ஒரு காலத்தில் பெரிய குடிகாரனாக இருந்ததைச் சொன்னபோது, இதை யாருடைய வற்புறுத்தலுமின்றிச் சொல்கிறாரா என்று சிங்களத்தில் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன். நல்ல மனுசன், கோவிக்கேல்லை.

பிறகுதான் அந்தக் கதை வந்தது. தன் பங்கைப் பிரித்து வாங்கிக்கொண்டு வீட்டை விட்டுப் போன மகன் எல்லாத்தையும் அழிச்சுப்போட்டுத் திரும்பி வாறான்; தகப்பன் தூரத்திலேயே கண்டு, ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்கிறார். இதைச் சொல்லிக்கொண்டே பந்தலைப் பார்க்கிறன், கடைசி வரிசையில எங்கட மகள் சுஜி. மடியில பிள்ளை. வேதக்காரப் பெடியனை, ஒரு கிறிஸ்தவனைக் கட்டினதுக்காக, இனி எங்கள் வாசல் மிதிக்கக்கூடாது என்று நீங்களும் நானும் சேர்ந்து சொன்ன அதே சுஜி. பிள்ளையை நான் அதுவரை கண்டதில்லை. மூக்கு அப்பிடியே இராசமணியின்ர மூக்கு. எனக்குச் சிங்களம் மறந்துபோச்சு. மைக்கில் தமிழிலேயே கேட்டுவிட்டேன்:

“தகப்பன் ஒண்டும் விசாரிக்கேல்லையோ?”

சந்தியில் நின்ற லொறிக்காரருக்கும் கேட்டிருக்கும். பாஸ்டருக்குத் தமிழ் தெரியாது. கீழே நின்ற ஹயாத்து முகம்மது சிங்களத்தில் எடுத்துச் சொல்ல, பாஸ்டர் சிங்களத்தில் பதில் சொன்னார். சனம் தமிழுக்காக என்னைப் பார்த்தது. சுஜியும் பார்த்தாள்.

“ஒண்டும் கேக்கேல்லை” என்றேன். இவர் கூறுகிறார் என்று சேர்க்க மறந்துபோனேன். என் உத்தியோகத்தில் ஒருநாளும் நடக்காதது.

ஆகவே மச்சான், இந்தக் கூட்டத்தால் மனிதருக்கு என்ன நேரும் என்று உங்களுக்கு இப்போது விளங்கியிருக்கும். உடனே நடவடிக்கை எடுக்கவும்.

முன்னேஸ்வரத்தான் உங்களையும் மச்சாளையும் நோய்நொடியில்லாமல் வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
தியாகராசா

பி.கு.: உறுப்பினரிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். வழமையாகத் தமிழ் சொல்பவருக்குக் குரல் இன்னும் திரும்பவில்லை. வாற சனியும் நான்தான். ஹயாத்து முகம்மது ஒலிபெருக்கியைத் திருப்பிவிட்டார். இராசமணிக்குக் கேட்காது என்று பழையபடி வைக்கச் சொல்லியிருக்கிறேன். அன்று கூட்டம் முடிந்து சுஜி எங்கள் கேற்றடியில் தயங்கி நின்றாள். நான் நடந்துதான் போனேன். உங்கள் தங்கைதான் கையெல்லாம் தேங்காய்ப்பூவோடு ஓடினாள். சனி மத்தியானம் மருமகனும் பிள்ளையுமாக எல்லோருக்கும் இங்கே சாப்பாடு. நீங்களும் வாருங்கள். வந்தால் ஒன்றும் விசாரிக்கக்கூடாது.