யூரியாவுக்குப் போன லெட்சுமி

பச்சையாக இருப்பதெல்லாம் விளையும் என்று நம்புகிறவனுக்கு வயலும் கொடுக்கக் கூடாது, பெண்ணும் கொடுக்கக் கூடாது. எனக்கு இரண்டையும் கொடுத்தார்கள். (மாமனார் நல்ல மனிதர், பாவம்.)

நான் பள்ளிக்கூடத்தில் விவசாயம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்துத் தென்மராட்சியில் சீதனமாக வந்த வயல் நெல்தான் எங்களுக்கு வருடச் சோறு. அது போர் நடந்த, பொருளாதாரத் தடைக் காலம். பிள்ளைக்குப் பால்மா கிடைக்காது, பயிருக்கு யூரியா கிடைக்காது. பால்மா இல்லாத குறையை எங்கள் மாடு லெட்சுமி தீர்த்துவைத்தாள். யூரியா இல்லாத குறையைத் தீர்க்க நான் புறப்பட்டேன்.

கடலேரி கடந்து சாமான் கொண்டுவரும் சின்னராசா ஒரு மூடை யூரியா ஒளித்துவைத்திருந்தார். காசு வேண்டாம், மாடுதான் வேண்டும் என்றார்.

"என்னப்பா, மாட்டைக் குடுத்திட்டுப் பிள்ளைக்கு என்னத்தைக் குடுக்கிறது?" என்று மனைவி கேட்டாள். மகள் அப்போது தவழ்ந்துகொண்டிருந்தாள்.

"நெல்லு ரெண்டு மடங்கு விளையும். தை பிறக்கட்டும், ரெண்டு மாடு வாங்குவம்" என்றேன். (கரும்பலகையில் நான் கீறிய பயிருக்கு ஒருநாளும் காற்று அடித்ததில்லை.)

மூடை முழுவதையும் போட்டேன். பயிர் கரும்பச்சையாய் இடுப்பைத் தாண்டி எழும்பியது. "மாஸ்டர், உங்கடை வயல் காடாயெல்லோ கிடக்கு!" என்றார் பக்கத்து வயல்காரர். நாவூறு பட்டுவிடும் என்று நடு வயலில் தடி நட்டுக் கரிச்சட்டி கவிழ்த்துவைத்தேன்.

எங்கள் மொட்டைக்கறுப்பன் இயல்பிலேயே நெட்டை நெல். நான் படிப்பித்த உர அளவோ குட்டையான புது இனங்களுக்கு உரியது. கதிர் பால் பிடிக்கிற நேரம் மார்கழி மழை காற்றோடு சேர்ந்து ஊற்றியது. போய்ப் பார்த்தால், முழு வயலும் பாய் விரித்ததுபோலப் படுத்திருந்தது. நிமிர்ந்து நின்றது கரிச்சட்டி மட்டும்தான். வீட்டில் மனைவி சீனித் தண்ணீரைக் காட்டிப் பிள்ளையை ஏமாற்றிக்கொண்டிருந்தாள். எந்த முகத்தோடு போவது? வரம்பில் குந்தியிருந்து அழுதேன்.

தையில் அரிவு வெட்டி அடித்தால் வந்ததெல்லாம் பதர். அந்த வருடம் மரவள்ளிக்கிழங்குதான் சோறு. வைக்கல் மட்டும் கூரையை முட்டியது. தின்ன மாடில்லை.

அந்த நேரம் பார்த்துச் சின்னராசா சைக்கிளில் வந்தார்.

"மாஸ்டர், உந்த வைக்கலைத் தாறியளோ? மாட்டுக்குத் தீன் இல்லை."

"எந்த மாட்டுக்கு?" (கேட்டிருக்கக் கூடாது.)

"உங்கடை லெட்சுமிக்குத்தான்."

நான் வாய் திறக்கமுன் மனைவி முந்திக்கொண்டாள். "ஓம் அண்ணை, கொண்டுபோங்கோ. காசு வேண்டாம். நாளுக்கு ஒரு போத்தல் பால் தந்தாச் சரி."

வைக்கல் முடியும்வரை பால் வந்தது. யூரியாவால் எங்களுக்குக் கிடைத்த லாபம் அவ்வளவுதான். எங்கள் வைக்கலைக் கொடுத்து எங்கள் மாட்டின் பாலை வாங்கினோம்.

மகள் இப்போது கனடாவில். "எனக்கொரு யோசனை" என்று நான் தொலைபேசியில் தொடங்கினால் போதும், "அம்மா, முதல்லை மாட்டைப் பிடிச்சுக் கட்டுங்கோ!" என்று அங்கிருந்து கத்துவாள். மனைவியும் சிரிப்பாள், நானும் சிரிப்பேன். லெட்சுமிக்குப் பிறகு எங்கள் வீட்டில் மாடு இருந்ததே இல்லை.