எலுமிச்சை விளக்கும் ஹேண்ட் பிரேக்கும்

"காரை ஓட்டிக்கிட்டுப் போறவன் சாதாரண மனுஷன். அதைக் கட்டி இழுத்துக்கிட்டுப் போறவன்தான் இன்ஜினியர்" என்று என் வீட்டுக்காரர் அறிவித்தபோது நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். பயத்தில் இலையைக் குப்பையில் போட்டுவிட்டுத் தண்டைச் சட்டியில் போட்டேன்.

அவர் இன்ஜினியர் இல்லை. பெங்களூர் பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருஷம் ஃபிட்டராக இருந்து போன வருஷம் ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றவர் ஓய்வெடுக்க வேண்டும் அல்லவா? இவர் கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்கிய ஒரு பழைய வேனை வாங்கினார். சீட்டுகளைப் பிடுங்கினார். உள்ளே கட்டில் போட்டார், கேஸ் அடுப்பு வைத்தார், கை கழுவத் தொட்டி வைத்தார். கேரவன் என்று பேர் வைத்தார்.

ஒக்கலிபுரத்தில் எங்கள் தெருவுக்குள் அது நுழையாது. முக்கில் சிரில் என்பவரின் மரக்கடை இருக்கிறது. அதன் பின்னால் சரிவான காலி இடத்தில் நின்றது. தெருப் பிள்ளைகள் எல்லாம் எந்த நடிகர் உள்ளே இருக்கிறார் என்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பார்கள். உள்ளே இவர்தான் இருப்பார், பனியனோடு.

எங்கள் மகள் வித்யாலட்சுமி வைட்ஃபீல்டில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். சம்பந்தி ஆராவமுதன் பேங்க் மேனேஜராக இருந்தவர். அவர் ஏதோ பேச்சுக்கு, "உங்க கேரவன்ல எங்களையும் ஒரு நாள் அழைச்சுண்டு போங்கோ" என்று சொல்லிவிட்டார். பேச்சுக்குச் சொன்னதை எழுத்துக்கு எழுத்து நம்புகிறவர் என் வீட்டுக்காரர்.

"ஏலகிரி போறோம் வேதா. கேரவன் மலை ஏறாது. அடிவாரத்துல நிறுத்திடுவோம். பின்னாடி கட்டி இழுத்துக்கிட்டு வந்த நம்ம காரை அவுத்து, அதுல மேல போவோம்."

"அதை ஏங்க கட்டி இழுக்கணும்? ஒருத்தர் ஓட்டிக்கிட்டு வந்தா ஆகாதா?"

"யாரு ஓட்டுவா?"

"யாராவது..."

"யாராவதுன்னா? நீ ஓட்டுவியா?"

சிரித்தார். பக்கத்தில் நின்ற சிரிலும் சிரித்தார். "அண்ணி ஸ்கூட்டர்ல பின்னாடி உக்காந்தாலே கந்த சஷ்டிக் கவசம் சொல்றவங்க அண்ணே" என்றார். நானும் சேர்ந்து சிரித்தேன்.

சிரிக்கும்போதே அவர் முகத்தைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டேன். ஏனென்றால் எங்கள் வீட்டு அரிசி டப்பாவில், அரிசிக்கு அடியில், பிளாஸ்டிக் பையில் சுற்றி என் டிரைவிங் லைசென்ஸ் இருந்தது.

இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஓட்டக் கற்றது வெட்கமில்லை. கற்ற விதம்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் அவருக்குச் சர்க்கரை ஏடாகூடமாகி மயங்கி விழுந்தார். வாசலில் கார் நின்றது. ஓட்ட ஆளில்லை. ஆட்டோவுக்காக நான் தெருவில் செருப்பில்லாமல் ஓடினேன். அன்றைக்கு முடிவு செய்தேன். ஆனால் அவரிடம் கேட்டால் சிரிப்பார். ஏழாம் வகுப்போடு நின்றவள் நான். சிரித்தால் நான் அதோடு நின்றுவிடுவேன்.

பக்கத்து வீட்டு யசோதாதான் யோசனை சொன்னாள். "வேதாக்கா, செவ்வாயும் வெள்ளியும் ராகு காலத்துல துர்க்கைக்கு எலுமிச்சை விளக்கு போடறேன்னு சொல்லுங்க. எந்த ஆம்பளையும் ஏன்னு கேக்க மாட்டான்."

கேட்கவில்லை. ஒன்பது வாரம் எலுமிச்சம்பழப் பையோடு கோயிலைத் தாண்டி டிரைவிங் ஸ்கூலுக்குப் போனேன். தாண்டும்போது கோபுரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வேன். முதல் டெஸ்டில் ரிவர்ஸ் எடுக்கும்போது கம்பத்தில் இடித்துப் பெயிலானேன். ஆகவே துர்க்கைக்கு இன்னும் ஒன்பது வாரம் வேண்டிக்கொள்ள வேண்டியதாயிற்று.

பழங்களை ஊறுகாய் போட்டேன். "கோயில் பழம்னா ருசியே தனி" என்று அவர் தட்டை வழித்தார்.

இதில் பெரிய கொடுமை, அந்தப் பதினெட்டு வாரத்தில் அவருக்குச் சர்க்கரை குறைந்துவிட்டது. தெருவெல்லாம் சொன்னார். "மாத்திரை இல்லப்பா. என் பொண்டாட்டி போட்ட எலுமிச்சை விளக்கு." சொல்லும்போது அவர் குரல் தழுதழுக்கும். நான் அடுக்களைக்குள் போய் ஒன்றுமில்லாத பாத்திரத்தைத் தேய்ப்பேன்.

சரி, காருக்கு வருகிறேன்.

இரண்டு மாதம் வேலை நடந்தது. காரின் முன் பம்பரைக் கழற்றி, அடிச்சட்டத்தில் இரும்புத் தகடு வைத்து வெல்டிங் அடித்தார். கேரவனின் பின்னால் உருண்டைக் கொக்கி. நடுவே 'A' மாதிரி ஒரு கம்பி. கம்பி விட்டுப் போனாலும் பிடிக்க இரண்டு சங்கிலி. கேரவனில் பிரேக் போட்டால் காரின் பின்விளக்கும் எரிய ஒயர். நியாயத்தைச் சொல்ல வேண்டும், வேலை சுத்தமாக இருந்தது. ஒரு குறை சொல்ல முடியாது.

சிரிலின் சுவரில் சாக்பீஸால் ஐந்து வரி எழுதினார். கொக்கி. சங்கிலி. விளக்கு. நியூட்ரல். ஹேண்ட் பிரேக் கீழே.

வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டியதுதானே நான்? "என்னங்க, சாவியையும் ஒரு திருப்பு திருப்பி வைக்கணும்ல? இல்லேன்னா ஸ்டியரிங் பூட்டிக்குமே" என்றேன்.

அவர் திரும்பிப் பார்த்தார்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"கோயில்ல... ரெண்டு பேர் பேசிக்கிட்டிருந்தாங்க."

"துர்க்கை சந்நிதியில ஸ்டியரிங் லாக் பத்தியா?"

"அவங்க வீட்டுக்காரர் மெக்கானிக்காம்."

"பாத்தியா சிரில்? கோயிலுக்குப் போனா ஞானம் வரும்னு சும்மாவா சொன்னாங்க!" என்று ஆறாவது வரியையும் எழுதினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை புறப்பாடு. ஆறு வரியையும் சரிபார்த்து டிக் அடித்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "ரெண்டு வண்டிக்கும் பொட்டு வெச்சிடு" என்றார். எட்டு எலுமிச்சம்பழம், கேரவனுக்கு நாலு, காருக்கு நாலு, சக்கரத்தடியில் வைத்தேன். கார் ஸ்டியரிங்குக்குக் குங்குமம் வைக்கக் கதவைத் திறந்து ஓட்டுநர் சீட்டில் ஒரு நிமிஷம் உட்கார்ந்தேன். சரிவான இடம். பொட்டு வைத்தேன். கும்பிட்டேன். இறங்கிக் கதவைச் சாத்தினேன்.

கேரவன் கிளம்பியது. முன் சக்கரப் பழங்கள் பட்பட்டென்று நசுங்கின. காரின் பின் சக்கரப் பழங்கள் இரண்டு மட்டும் நசுங்கவில்லை. சக்கரம் அவற்றைத் தள்ளிக்கொண்டே கொஞ்ச தூரம் போயிற்று.

"நல்ல சகுனம் அண்ணே! பழமே வழி காட்டுது!" என்று சிரில் கை தட்டினார்.

எனக்கு என்னவோ செய்தது. ஆனால் எனக்கு எப்போதும் என்னவோ செய்துகொண்டுதான் இருக்கும். பேசாமல் கேரவனில் அவர் பக்கத்தில் ஏறிக்கொண்டேன்.

டின் ஃபேக்டரி தாண்டும்போது கருகிய வாசனை வந்தது.

"என்னங்க, ஏதோ தீயுது."

"அடுப்பை அணைச்சியா?"

"பத்தவே இல்லையே."

"எதுக்கும் பாத்துடு." ஓரமாக நிறுத்தி, இரண்டு பேரும் உள்ளே போய் அடுப்பை முகர்ந்தோம். அடுப்பு ஜில்லென்று இருந்தது. புளியோதரைத் தூக்கைக்கூட முகர்ந்து பார்த்தார். "பெங்களூர் காத்தே இப்படித்தான்" என்று முடிவு செய்து கிளம்பினார்.

நான் கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். காரின் பின் சக்கரத்திலிருந்து மெல்லிய புகை. அந்த வாசனை எனக்குத் தெரியும். டிரைவிங் ஸ்கூலில் ஒரு நாள் அப்படிப் புகைய விட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவள் நான்.

அப்போதுதான் என் இடது கை எனக்கு நினைவுக்கு வந்தது.

"நிறுத்தினா ஹேண்ட் பிரேக், மேடம். சாமி வந்தாலும் ஹேண்ட் பிரேக்" என்று பதினெட்டு வாரம் அந்த வாத்தியார் என் காதில் ஓதியிருந்தார். சரிவான இடம். ஓட்டுநர் சீட்டு. குங்குமத்தை வலது கை வைத்தது. இடது கை அதன் வேலையைச் செய்துவிட்டது. எங்கள் காரில் ஹேண்ட் பிரேக் தேய்ந்துபோய்ப் பாதிதான் பிடிக்கும். அந்தப் பாதி, வழியெல்லாம் தேய்ந்துகொண்டே வந்திருக்கிறது.

சொல்ல வாயைத் திறந்தேன். "எப்படித் தெரியும்" என்பாரே! இந்தத் தடவை எந்தக் கோயிலைச் சொல்வது? நான் விழித்துக்கொண்டிருக்கும்போதே சம்பந்தி வீட்டு அபார்ட்மென்ட் வாசல் வந்துவிட்டது. கூடவே டிராஃபிக் போலீஸும் வந்துவிட்டார்.

"ஏனு ஸ்வாமி இது, ட்ரெயினா?" என்று கன்னடமும் தமிழுமாகக் கேட்டார்.

அவருக்குச் சந்தோஷம். இரண்டு மாதமாக யாராவது கேட்பார்களா என்று காத்திருந்தவர். இறங்கி, கொக்கி, கம்பி, சங்கிலி என்று விளக்க ஆரம்பித்தார். போலீஸ்காரர் பொறுமையாகக் கேட்டார். சம்பந்தியும் சம்பந்தியம்மாவும் வித்யாவும் பையோடு கேட்டுக்கு வந்துவிட்டார்கள். வாட்ச்மேன் வந்தார். நாலு நாய் வந்தது.

"எல்லாம் சரி ஸ்வாமி. பின்னாடி புகை ஏன் வருது?"

என் வீட்டுக்காரர் ஓடிப்போய்க் கார் கதவைத் திறந்தார். அப்படியே நின்றார். பிறகு முதுகால் எல்லோரையும் மறைத்துக்கொண்டு உள்ளே கையை விட்டார். டக்கென்று சத்தம் கேட்டது.

"ஹேண்ட் பிரேக்கை எடுக்க மறந்துட்டேளா?" என்று சம்பந்தி மிகவும் மரியாதையாகக் கேட்டார்.

"ஆமாங்க... டிக் அடிச்சேன். எடுக்கலை போல" என்றார் இவர். முப்பது வருஷத்தில் ஒரு போல்ட்டைத் தளர விட்டவரில்லை. அந்த முகத்தை நான் பார்த்திருக்கக் கூடாது. நான் புளியோதரைத் தூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

போலீஸ்காரர் விடவில்லை. "கார்ல டிரைவர் எல்லி? எங்கே?"

"டிரைவர் எதுக்கு சார்? அதான் கம்பி இருக்கே."

"ரூல் இருக்கே! ரிப்பேர் வண்டியத்தான் இழுக்கலாம். அதுலயும் ஸ்டியரிங்ல லைசென்ஸ் இருக்கறவங்க உக்காரணும். ஹேளி, சொல்லுங்க, உங்க கார் ஓடுமா, ஓடாதா?"

ஓடும் என்றால் குற்றம். ஓடாது என்றால் மானக்கேடு. இவர் இரண்டும் சொல்லாமல் கம்பியைத் துடைத்தார்.

"ஓடும்னா அவுத்து ஓட்டிக்கிட்டுப் போங்க. லைசென்ஸ் இருக்கறவங்க வேற யாரு?"

வித்யா, "எனக்கு இல்லையேப்பா. அவரும் ஊர்ல இல்லை" என்றாள். சம்பந்தி, "என்னுது காலாவதி ஆயிடுத்து" என்றார். "அப்போ வண்டி ஸ்டேஷனுக்கு" என்று போலீஸ்காரர் நோட்டைத் திறந்தார். இவர் தலை இன்னும் கொஞ்சம் குனிந்தது.

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. அன்றைக்குக் காலையில் வழியில் அவருக்கு மறுபடி மயக்கம் வந்தால் என்று பயந்து லைசென்ஸை எடுத்து ரவிக்கைக்குள் வைத்திருந்தேன். திரும்பி நின்று எடுத்து நீட்டினேன். இரண்டு அரிசி ஒட்டிக்கொண்டிருந்தது.

போலீஸ்காரர் அரிசியைத் தட்டிவிட்டுப் படித்தார். "வேதநாயகி. யாரு?"

"நான்தாங்க."

"அம்மா!" என்றாள் வித்யா.

"மாமி!" என்றார் சம்பந்தியம்மா.

என் வீட்டுக்காரர் நெருங்கி வந்தார். அந்த அட்டையை வாங்கி, முன்னும் பின்னும் பார்த்து, தேதியைப் பார்த்து, விரல் விட்டு எண்ணினார்.

இரண்டு மாத வேலையை இருபது நிமிஷத்தில் கழற்றினார். அன்று ஏலகிரி போகவில்லை. அபார்ட்மென்ட் நிறுத்துமிடத்தில் கேரவனை நிறுத்தி அதற்குள் புளியோதரை சாப்பிட்டோம். சக்கரம் ஆறியதும் இவர் தட்டிப் பார்த்து, "ஓட்டலாம்" என்றார். என்னிடம் இல்லை, சக்கரத்திடம் சொன்னார்.

திரும்பும்போது முன்னால் கேரவன், பின்னால் நான். ஒவ்வொரு சிக்னலிலும் அவர் கண்ணாடியில் என்னைப் பார்ப்பது தெரிந்தது. நான் வெட்கத்தில் இண்டிகேட்டரைப் பார்த்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து காபி கொடுத்தேன். பாதி குடித்தார்.

"அப்போ கோயிலுக்கே போகலையா?"

"கோபுரம் பாத்தேன்."

"பழமெல்லாம்?"

"ஊறுகாய்."

மீதிக் காபியையும் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார்.

"அப்போ என் சுகர் எப்படிடி குறைஞ்சுது?"

அவர் மயங்கி விழுந்த மத்தியானத்தைச் சொன்னேன். செருப்பில்லாமல் ஓடியதைச் சொன்னேன். அழுகையும் வந்தது. ஹேண்ட் பிரேக்கை மட்டும் சொல்லவில்லை. இவ்வளவு சொன்ன பிறகு அது ஒன்று எதற்கு என்று விட்டுவிட்டேன். அவர் சிரில் கடைச் சுவரில் இன்னும் பெரிதாக, 'ஹேண்ட் பிரேக் — இரண்டு தடவை பார்' என்று தனக்குத்தானே எழுதிக்கொண்டபோதும் சொல்லவில்லை.

அடுத்த மாதம் ரத்தப் பரிசோதனை. சர்க்கரை ஏறியிருந்தது.

"உண்மை தெரிஞ்சதும் ஏறிடுச்சு பாத்தியா? இனிமே நிஜமாவே போடு. நானும் கூட வர்றேன்" என்றார்.

போன செவ்வாய்க்கிழமை, ராகு காலம். ஒன்பது பழத்தையும் எண்ணிப் பையில் போட்டுக்கொண்டார். நான் ஓட்டினேன். அவர் இடது பக்கம் உட்கார்ந்து இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார். கோயில் வாசலில் சரிவு. நிறுத்தினேன். கோபுரத்தைப் பார்த்து, வலது கையால் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

அவர் கோபுரத்தைப் பார்க்கவில்லை. என் இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் வேதா, அன்னிக்குப் பொட்டு வெச்சப்பவும் இப்படித்தான் இழுத்தியா?"