செவ்வாய்க்குப் போன கண்ணாடிக்காரர்

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் செவ்வாய்க்குப் போவதென்று முடிவெடுத்தது ஒரு திங்கட்கிழமை காலையில், பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது.

வாயில் நுரையோடு எடுத்த முடிவு என்று அதை லேசாக நினைத்துவிடக் கூடாது. மனுஷர் விண்வெளியில் கரை கண்டவர். கண் பரிசோதனைக்கு வருகிறவரின் மோவாயைக் கருவியில் பொருத்தி, ஆள் ஓட முடியாது என்று உறுதியானதும், சனிக்குப் புதிதாக நூற்றுச் சொச்சம் நிலாக்கள் கண்டுபிடித்த சேதியை ஆரம்பிப்பார். கருந்துளையைப் படம்பிடித்த கதையைக் கேட்காமல் அந்தத் தெருவில் ஒருவரும் கண்ணாடி மாட்டியதில்லை. எத்தனையோ கோடி மைலுக்கு அப்பால் எந்தக் கோளில் நீராவி இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். வீட்டில் எந்தக் குழாய் சொட்டுகிறது என்றுதான் தெரியாது.

இப்போது அவருக்கு ஒரு நெருக்கடி. சனிக்கிழமை மனைவியின் அண்ணன் வருகிறார். ஒரு மாதம் தங்கப்போகிறார். நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பேச ஆரம்பித்தால் முப்பது வருஷ எல்லைத் தகராறையும் அங்குலம் விடாமல் அளப்பார். அவருக்காக மாடி அறையைக் காலி செய்யச் சொல்லி உத்தரவாகியிருந்தது. அந்த அறையில்தான் கடைக்காரரின் தொலைநோக்கியும், புத்தகங்களும், சாய்வு நாற்காலியும், ஆக மொத்தம் அவருடைய நிம்மதியும் இருந்தன.

கடைக்கு இரண்டு வாரம் வெள்ளையடிப்பு. இதைவிட்டால் நேரம் வாய்க்காது.

"நான் செவ்வாய்க்குப் போறேன்மா," என்றார்.

மனைவி பஸ் டிப்போவில் டைம் கீப்பர். தாமதமாக வரும் ஓட்டுநர்களின் சாக்குகளைக் கேட்டுக் கேட்டுக் காது காய்த்தவள். தலையைக்கூடத் திருப்பவில்லை.

"இன்னிக்குத் திங்கள்தானே. படுத்துத் தூங்குங்க, செவ்வாய் தானா வரும்."

"கிழமை இல்லம்மா, கிரகம். அமெரிக்காவுல ஒரு கட்டடத்தையே செவ்வாய்ன்னு வெச்சு, அதுக்குள்ள ஒரு வருஷம் பூட்டிக்கிட்டு இருந்து பழகறாங்க. நான் ரெண்டு வாரம் பழகிப் பாக்கறேன். மாடி ரூம்தான் செவ்வாய். யாரும் வரக் கூடாது, நானும் வெளிய வர மாட்டேன்."

"ஏதாவது பேசணும்னா?"

அந்தக் கேள்விக்குத்தான் அவர் காத்திருந்தார். "இங்கேர்ந்து ஒரு வார்த்தை அங்க போய்ச் சேர இருபது நிமிஷம் ஆகும். அதனால சீட்டுல எழுதி, மணி போட்டு, படிக்கட்டுல இருக்கிற கூடையில வை. இருபது நிமிஷம் கழிச்சுத்தான் படிப்பேன். பதிலுக்கு இன்னொரு இருபது."

எந்த வேலை ஏவினாலும் நாற்பது நிமிஷம். அதற்குள் அவளே செய்துவிடுவாள் என்பது கணக்கு.

"நீங்க எழுதினாலும் அப்படித்தானா?"

"ஒளி ஆளுக்குத் தகுந்த மாதிரியா ஓடும்? அப்படித்தான்."

"சரிங்க. உங்க புத்தகம் ஒண்ணைக் குடுத்துட்டுப் போங்க. நானும் தெரிஞ்சுக்கறேன்."

இருபத்திரண்டு வருஷத்தில் அவள் இவ்வளவு சீக்கிரம் சரி என்றதே இல்லை. அவர் உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை. இருப்பதிலேயே தடியான புத்தகத்தைப் பெருமையோடு எடுத்துக் கொடுத்தார்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் கூடையில் ஒரு சீட்டு வைத்தார்: 'காபி வேணும்.' அவள் ஒன்பது இருபதுக்குப் படித்தாள். ஒன்பது நாற்பதுக்கு அவர் படித்த பதில்: 'சர்க்கரை போடலாமா?' போடலாம் என்று எழுதினார். பத்து இருபதுக்கு அடுத்தது: 'எத்தனை ஸ்பூன்?' பதினோரு மணிக்கு: 'பெரிய டம்ளரா, சின்னதா?' பெரியது என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார். கீழேயிருந்து காபி வாசனை கிளம்பிவந்தது. வாசனைக்கு இருபது நிமிஷமெல்லாம் ஆகவில்லை.

பதினொன்று நாற்பதுக்குக் கடைசிச் சீட்டு: 'காபி போட்டாச்சு. ஆனா பூமியிலேர்ந்து செவ்வாய்க்குச் சாமான் அனுப்ப இருபத்தாறு மாசத்துக்கு ஒரு தடவைதான் தோதுப்படுமாம். அதுவும் போய்ச் சேர ஏழு மாசம். ஆறிடுமேன்னு நானே குடிச்சுட்டேன். அங்க ஒரு பெட்டியில முன்னாடியே காஞ்ச ரொட்டி வெச்சிருக்கேன், சிக்கனமா சாப்பிடுங்க.'

ஒரு மணிக்கு அவள் டிப்போவுக்குக் கிளம்பியதும் பூனைபோல இறங்கினார். சமையலறைக் கதவில் பூட்டு. பூட்டுக்கு மேல் ஒரு சீட்டு: 'அங்க வெளிய சுவாசிக்கக் காத்து கிடையாது. உடுப்புப் போடாம வந்திருக்கீங்க. உடனே உள்ள போயிடுங்க.'

போனார். செவ்வாயில் தொடங்கிய பயணம் புதன், வியாழன், வெள்ளி எல்லாவற்றையும் காய்ந்த ரொட்டியோடு கடந்து சனியை எட்டியது. இடுப்பில் வேட்டி நிற்கவில்லை. ஆனாலும் மானம் நின்றது. மச்சான் வந்து கதவைத் தட்டினால்கூட இருபது நிமிஷத்துக்குக் காதில் விழாது என்ற ஒரே தெம்பு.

சனிக்கிழமை காலை எட்டு மணிச் சீட்டை எட்டு இருபதுக்குப் பிரித்தார்: 'அண்ணன் தெருமுனைக்கு வந்தாச்சு. மாடி ரூமை அவருக்குக் குடுக்கறேன். ஆட்சேபணை இருந்தா எட்டேகாலுக்குள்ள சொல்லுங்க. பதில் வரலேன்னா சம்மதம்.'

அவர் ஒளியை முந்திக்கொண்டு படியிறங்கினார். கூடத்தில் மச்சான் நின்றிருந்தார். சுற்றிலும் பெரிசும் சிறிசுமாகப் பதினோரு பெட்டிகள்.

"வாங்க மாப்பிள்ளை," என்றார் மச்சான். "ரூமைக் காலி பண்ணிக் குடுக்க அங்கேர்ந்து ஒரே மூச்சில வந்துட்டீங்களாமே. யாருக்கு வரும் இந்த மனசு."

கடைக்காரர் மனைவியிடம் போய்த் தாழ்ந்த குரலில் சொன்னார்: "ஆராய்ச்சி முடிஞ்சுதும்மா. பூமிக்கே வந்துட்டேன். ஒரு வாய் காபி குடு."

அவள் புத்தகத்தை விரித்தாள். "அவசரப்படாதீங்க. அங்கெல்லாம் போயிட்டு வர்றவங்களை நேரா மத்தவங்களோட சேர்க்கக் கூடாதாம். நிலாவுக்குப் போயிட்டு வந்தவங்களையே மூணு வாரம் தனியாத்தான் வெச்சிருந்தாங்க."

மூன்று வாரம். தனியாக. மச்சான் இல்லாமல். பசியிலும் அவர் முகம் மலர்ந்தது.

"நியாயம்தான்," என்றார். "எந்த ரூம்?"

"சமையலறை," என்று சாவியை அவர் கையில் வைத்தாள். "நாங்க யாரும் உள்ள வந்து தொந்தரவு பண்ண மாட்டோம். மூணு வேளையும் செஞ்சு வாசல்ல வெச்சுட்டாப் போதும், எடுத்துக்கறோம்."